படிக்கட்டும் படிநிலையும்

மருத்துவ ஆய்வாளர்களின் பதிவு செய்யப்பட்ட உரைகளைக் கேட்பது சில ஆண்டுகளாக எனக்கு வாசிப்புக்கு நிகரான பழக்கமாகியிருக்கிறது. தமிழிலக்கியம் பயின்றவனுக்கு இதய நோய்ப் புள்ளிவிவரங்களில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நல்ல ஆய்வாளர் தம் கண்டுபிடிப்பை விளக்கும் முறையில் தேர்ந்த கதைசொல்லியின் ஒழுங்கு இருக்கிறது என்பதே என் பதில். முதலில் ஒரு புதிர் வரும். பிறகு எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் விடை. அந்த விடையைக் கலைத்துப்போடும் ஓர் எண். அதன்பின் வேறொரு விடை. இறுதியில் அந்த விடையின் மீதே ஓர் ஐயம். நம் மேடைகளில் ஐயத்தை வெளிப்படையாகச் சொல்லும் பேச்சாளரைக் காண்பது அரிது. அந்தக் குறையை இவ்வுரைகள் எனக்குத் தீர்த்துவைக்கின்றன.

ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகம் 1959 முதல் நடத்திவரும் போயர் உரைகள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. 2016-ஆம் ஆண்டு அவ்வுரைகளை நிகழ்த்தியவர் மைக்கேல் மார்மட். 1945-ல் லண்டனில் பிறந்து, சிட்னியில் வளர்ந்து, அங்கேயே மருத்துவம் பயின்றவர். நோயாளியின் படுக்கையருகே நின்று பார்ப்பதைவிட, மக்கள் திரளை மொத்தமாகப் பார்த்து நோயின் வேர்களைத் தேடும் துறையைத் தேர்ந்துகொண்டவர். நான்கு உரைகளில் மூன்றாவதின் தலைப்பை 'வாழ்தலும் உழைத்தலும்' என்று தமிழாக்கலாம். அதைக் கேட்ட பிறகுதான் அதன் பின்புலத்தில் இருக்கும் பழைய ஆய்வுகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். உழைப்பவரின் உடல்நலம் என்பது யாருடைய பொறுப்பு என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

கதையை மார்மட்டுக்கு முன்பிருந்தே தொடங்க வேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய லண்டனில் மாரடைப்பு பெருகிவந்தது; காரணம் தெளிவாகவில்லை. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளைப் பார்த்தார். ஒவ்வொரு வண்டியிலும் இருவர். ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே வர்க்கம், ஒரே புகை சூழ்ந்த நகரம். ஓட்டுநர் பணிநேரத்தில் பெரும்பகுதியை அமர்ந்தே கழிக்கிறார். நடத்துநரோ பயணச்சீட்டு கொடுப்பதற்காக நாளொன்றுக்குச் சுமார் 600 படிகள் ஏறி இறங்குகிறார். இயற்கையே அமைத்துக் கொடுத்த சோதனைக்கூடம் போன்றது அது. 1953-ல் 'லான்செட்' இதழில் வெளியான அவரது கட்டுரை, நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வருகிறது, வந்தாலும் பிந்தி வருகிறது, உயிரைப் பறிப்பதும் குறைவு என்று காட்டியது. உடலுழைப்பு இதயத்தைக் காக்கிறது என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அன்று அப்படியில்லை.

என்னைக் கவர்ந்தது அதற்கு அடுத்த நிகழ்வு. ஒருவேளை பருத்த உடல்வாகு உடையவர்கள்தாம் ஓட்டுநர் வேலைக்கு வருகிறார்களோ என்ற ஐயம் எழுந்தது. மாரிஸும் உடன் பணியாற்றியவர்களும் சீருடைப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். காற்சட்டைகளின் இடுப்பளவை ஒப்பிட்டு 1956-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இளவயதிலேயே ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாக இருந்தது உண்மைதான். ஆனால் ஒல்லியானவரோ, நடுத்தரமானவரோ, பருத்தவரோ, எந்த அளவில் எடுத்துக்கொண்டாலும் நடத்துநருக்கே ஆபத்து குறைவு என்பதையும் அவர்கள் கண்டார்கள். தம் வாதத்தின் பலவீனமான இடத்தைத் தாமே தேடிச் சென்று தட்டிப்பார்க்கும் இந்தக் குணம் எந்தத் துறையிலும் எளிதில் வாய்ப்பதில்லை. மாரிஸ் 2009-ல், தம் 99-ஆம் வயதில் காலமானார்.

பேருந்தின் படிக்கட்டிலிருந்து அலுவலகத்தின் படிநிலைக்கு வருவோம். லண்டனில் பிரிட்டிஷ் அரசின் தலைமை அலுவலகங்கள் அமைந்த சாலையின் பெயர் வைட்ஹால். அங்கே பணிபுரிந்த அரசு ஊழியர்களிடையே 1967-ல் ஒரு பேராய்வு தொடங்கியது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். இவர்களில் வறியவர் என்று யாரையும் சொல்ல முடியாது. சுரங்கத்தில் இறங்குபவரோ, உலைக்கு முன் நிற்பவரோ இல்லை. நிலையான வேலை, ஓய்வூதியம், 1948 முதல் எல்லோருக்கும் பொதுவான தேசிய மருத்துவ சேவை. இவர்களிடையே பெரிய வேறுபாடு எதற்கு இருக்கப்போகிறது?

மேலதிகாரிகளுக்குத்தான் மாரடைப்பு வரும் என்பது அக்காலத்தின் பொதுநம்பிக்கை. பொறுப்பும் கவலையும் அவர்களுக்கல்லவா அதிகம்! தரவுகள் இதைத் தலைகீழாகப் புரட்டின. இதய நோயால் இறப்பது உச்சியில் இருந்த நிர்வாகிகளைவிட, அடித்தட்டில் இருந்த கடைநிலை ஊழியர்களிடம் மூன்று மடங்குக்கும் மேல். இதனினும் வியப்பானது, அது உச்சிக்கும் அடிக்கும் இடையே மட்டும் இருந்த பிளவன்று என்பதுதான். ஒவ்வொரு படியிலும் இருந்தவர், தமக்கு மேற்படியில் இருந்தவரைவிடச் சற்று அதிகமான ஆபத்தில் இருந்தார். புகைபிடித்தல், இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கிட்டுக் கழித்த பிறகும் வேறுபாட்டின் பெரும்பகுதி விளக்கமின்றி எஞ்சி நின்றது.

அந்த எஞ்சிய பகுதியைத் தேடித்தான் மார்மட்டின் தலைமையில் 1985-ல் இரண்டாம் வைட்ஹால் ஆய்வு தொடங்கியது. இம்முறை 10,308 பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1979-ல், ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்கர் ஒரு கருத்தை முன்வைத்திருந்தார். வேலையின் சுமை மட்டுமே மனிதரை நொறுக்குவதில்லை. சுமை மிகுந்து, அதைக் கையாளும் முறையைத் தீர்மானிக்கும் உரிமை குறைந்த இடத்தில்தான் உண்மையான நெருக்கடி பிறக்கிறது என்பது அவர் கோட்பாடு. வைட்ஹால் தரவுகள் இதில் இரண்டாவது பாதியை வலுவாகத் தாங்கின. தம் வேலையின் மீது தமக்குக் கட்டுப்பாடு இல்லை என்று கூறியவர்களுக்கு இதய நோய் அதிகமாக வந்தது. இது மனக்குறை உடையவர்களின் புலம்பலாக இருக்கலாமே என்று ஐயுறுபவர்களுக்காக அந்த வேலைகளை வேறு அதிகாரிகளைக் கொண்டு தனியே மதிப்பிடவும் செய்தார்கள். அந்த மதிப்பீட்டிலும் அதே முடிவு வந்தது.

முதலாம் ஆய்வின் தகவல் ஒன்று என் நினைவில் அடிக்கடி வந்துபோகிறது. பணியிடத்தில் அளந்த இரத்த அழுத்தம் வேலையின் நெருக்கடிக்கு ஏற்பக் கூடியது. அந்த ஏற்றம் கீழ்நிலை ஊழியர்களிடம் மிகுதி. வீட்டில் அளந்தபோது அந்தத் தொடர்பு காணப்படவில்லை. வேலை என்பது குருதியில் எழுதப்படுகிறது என்று ஒரு கவிஞர் சொல்லியிருந்தால் அதை உருவகம் என்று கடந்திருப்போம்.

இங்கே ஐயத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2012-ல் மிகா கிவிமாகியும் பல நாட்டு ஆய்வாளர்களும் இணைந்து 13 ஐரோப்பிய ஆய்வுகளின் தரவுகளை, ஏறத்தாழ இரண்டு லட்சம் பேருடையதை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். சுமை மிகுந்து உரிமை குறைந்த வேலையில் இருப்பவர்களுக்கு இதய நோயின் ஆபத்து 23 விழுக்காடு கூடுதல். ஆனால் மொத்த இதய நோயில் இதன் பங்காகக் கொள்ளத்தக்கது 3.4 விழுக்காடுதான். புகைபிடித்தலை ஒழிப்பதால் கிட்டும் பயன் இதைவிட மிகப் பெரிது என்று அவர்களே எழுதினார்கள். கிவிமாகி அதே இரண்டாம் வைட்ஹால் ஆய்வில் ஈடுபட்டிருப்பவர் என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை ஒன்றே எல்லா நோய்க்கும் மூலம் என்று மேடையில் முழங்க விரும்புபவருக்கு இந்த எண் உதவாது. என்னைப் பொறுத்தவரை, அந்தச் சிறிய எண் வெளிப்படையாகச் சொல்லப்பட்டதால்தான் மற்ற எண்களின் மீதும் நம்பிக்கை வருகிறது.

சரி, இந்த அறிவு பணியிடங்களுக்கு வந்து சேரும்போது என்னவாகிறது? 'பணியாளர் நலம்' என்ற பெயரில் உலகெங்கும் உரைகளும் பயிற்சிகளும் நடக்கின்றன. அவையும் பதிவு செய்யப்பட்டுப் பரவுகின்றன. அவற்றில் பலவற்றைக் கேட்டிருக்கிறேன். மூச்சுப்பயிற்சி, தூக்கம், நடை, நன்றியுணர்வு. எதுவும் தவறான அறிவுரையன்று. மார்மட்டின் உரையில் மையமாக இருந்த ஒரு சொல் மட்டும் அவற்றில் காணாமற்போயிருக்கும். உரிமை என்பதே அச்சொல்.

எங்கள் கல்லூரியிலும் மன அழுத்த மேலாண்மை குறித்த பயிலரங்கு ஒன்று நடந்தது. முன்வரிசைகளில் நிரந்தரப் பேராசிரியர்கள், பின்வரிசைகளில் கௌரவ விரிவுரையாளர்கள், நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்துக்கொண்டு அலுவலக உதவியாளர்கள். வைட்ஹால் ஆய்வின் வரைபடத்தையே ஓர் அரங்கில் அமர்த்திவைத்ததுபோல இருந்தது. பதிவு செய்யப்பட்ட உரையொன்று திரையில் ஓடியது. கண்களை மூடி மூச்சை எண்ணினோம். வெளியே வரும்போது இளைய கௌரவ விரிவுரையாளர் ஒருவர் மெல்லச் சொன்னார்: "மூச்சு விடறதுக்குச் சொல்லிக் குடுத்தாங்க சார். சம்பளம் என்னைக்கு வரும்னு யாராவது சொன்னா மூச்சு தானா சீரா வந்துடும்." கராசெக்கை அவர் படித்ததில்லை. படிக்கத் தேவையும் இல்லை.

இத்தகைய திட்டங்களின் பயனையும் மருத்துவ ஆய்வின் கருவிகளைக் கொண்டே அளந்திருக்கிறார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2016-ல் ஏறத்தாழ 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் நலத்திட்டத்தில் சேரும் வாய்ப்பை அளித்தார்கள். சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டால் சேர்ந்தவர்கள் நலமாகத் தெரிந்தார்கள். காரணம் எளிது: முன்பே நலமாக இருந்தவர்களே ஆர்வத்தோடு சேர்ந்திருந்தார்கள். வாய்ப்பு அளிக்கப்பட்டவர், அளிக்கப்படாதவர் என்று முறையாக ஒப்பிட்டபோது மருத்துவச் செலவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மாரிஸ் காற்சட்டையின் இடுப்பளவில் தேடிய அதே கேள்விதான் இது. ஒரு பெரிய அமெரிக்க வணிக நிறுவனத்தில் 160 பணியிடங்களை வைத்துச் செய்யப்பட்டு 2019-ல் வெளியான ஆய்விலும், 18 மாதங்களுக்குப் பின் இரத்த அழுத்தத்திலோ விடுப்பு எடுப்பதிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. பிரிட்டனில் 46,336 ஊழியர்களின் பதில்களை ஆராய்ந்து 2024-ல் வில்லியம் ஃபிளெமிங் எழுதிய கட்டுரையின் முடிவும் ஏறத்தாழ இதுவே. தனிமனிதரைத் திருத்த முயலும் பயிற்சிகளில் பங்கேற்றவர்கள், பங்கேற்காதவர்களைவிட நலமாக இருக்கவில்லை.

தமிழில் நலன், நலம் என்ற இரண்டு சொற்களும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆனாலும் வழக்கில் ஒரு நுண்ணிய வேறுபாடு உண்டு. 'தொழிலாளர் நலன்' என்றால் சட்டமும் துறையும் நினைவுக்கு வருகின்றன. 'நலமா?' என்று கேட்டால் அது ஒருவரின் உடலையும் மனத்தையும் பற்றிய விசாரிப்பு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நலனைப் பொருள்களாகவே கண்டது. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் உணவகம், நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு இடையில் அமர ஏற்பாடு என்று அது பேசியது. பணியாளர் நலம் என்ற புதுத்தொடரில் நாற்காலியின் இடத்தை அறிவுரை எடுத்துக்கொண்டிருக்கிறது.

தொழிற்சாலைக்கு வெளியே நம் துணிக்கடைகளில் பெண்கள் நாள் முழுவதும் நின்றே பணிசெய்து வந்தார்கள். கேரளம் 2018-லும் தமிழகம் 2021-லும் கடைகள் தொடர்பான சட்டங்களைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று விதித்தன. அமர்ந்தே இருந்த லண்டன் ஓட்டுநரை இதய நோய் வாட்டியது. நின்றே இருந்த விற்பனைப் பெண்ணைக் கால்வலி வாட்டியது. முதல் பார்வைக்கு இவை முரண்போலத் தோன்றும். எப்போது அமர்வது, எப்போது எழுவது என்பதைத் தன் உடலைக் கேட்டுத் தீர்மானிக்கும் உரிமை இருவருக்குமே இல்லை என்று பார்த்தால் முரண் மறைந்துவிடும். இருக்கை போட்டுவைத்தபின் அதில் அமரும் பெண்ணை மேற்பார்வையாளர் எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தே அந்தச் சட்டத்தின் உயிர் இருக்கிறது.

போயர் உரைகளின் ஒலிப்பதிவைக் கேட்க விரும்பும் நண்பர்கள் மூன்றாவதிலிருந்தே தொடங்கலாம். ஆங்கில உச்சரிப்பு தொடக்கத்தில் சற்று விரைவாகத் தோன்றலாம். நிறுத்திக் கேட்கலாம், திரும்பவும் கேட்கலாம். பதிவுரையின் பெரிய வசதி அதுதான். நல்வாழ்வு பற்றிப் பேச உங்கள் அலுவலகத்துக்கு அடுத்த முறை ஒருவர் வரும்போது, யாருடைய வேலைநேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்டுப்பாருங்கள். கேள்வியை எழுப்புபவர் முன்வரிசையில் இருப்பவராக இருந்தால் பின்வரிசையில் இருப்பவர்களுக்குச் சற்று எளிதாக இருக்கும்.