அட்டைப்பெட்டியில் ஒரு கதவு

தில்லியில் உள்ள சிறுவர் நூலகம் ஒன்றிற்காக, வாசிப்புப் பயிற்சி தரும் செயலி ஒன்றை நாங்கள் உருவாக்கிக்கொண்டிருந்தோம். சிறுவர் ஒரு பத்தியை உரக்கப் படிக்க வேண்டும். தவறு நேர்ந்தால் மணி ஒலிக்கும். அந்த மணியோசையைத் தேர்ந்தெடுத்தவள் நான். அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

முதல் நாள் வினாப்பட்டியலுடன் சென்றேன். "செயலி பிடித்திருக்கிறதா?" என்று கேட்டதற்குப் பன்னிரண்டு பேரும் "பிடித்திருக்கிறது, தீதி" என்றனர். பெரியவர் ஒருவர் தாளும் எழுதுகோலுமாக எதிரே அமர்ந்திருந்தால் எந்தக் குழந்தைதான் வேறு விடை சொல்லும்?

முன்பு படித்த செய்தி ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் அலிசன் துரூயின் என்னும் ஆய்வாளர், 7 முதல் 11 வயது வரையுள்ள சிறுவரைத் தம் குழுவில் வடிவமைப்பாளர்களாகவே சேர்த்துக்கொண்டார். பசை, நூல், வண்ணத்தாள் முதலியன நிறைந்த பையைக் கொடுத்து, தாம் விரும்பும் கருவியைச் செய்துகாட்டச் சொல்வது அவர்தம் முறைகளுள் ஒன்று. அக்குழுவினர் சிறுவருடன் சேர்ந்து உருவாக்கி, 2002ஆம் ஆண்டு தொடங்கிய பன்னாட்டுச் சிறுவர் மின்நூலகத்தில், மேலட்டையின் நிறத்தைக் கொண்டும் நூலைத் தேட முடிந்தது. பெரியவர்களுக்கு இது தோன்றியிருக்குமா? சிறுவரோ "அந்தச் சிவப்புப் புத்தகம்" என்றுதானே கேட்கின்றனர்!

மறுவாரம் வினாப்பட்டியலை வீட்டிலேயே விட்டுவிட்டு, தீப்பெட்டிகள், பொத்தான்கள், காலணி வாங்கிய அட்டைப்பெட்டிகள் ஆகியவற்றைச் சுமந்து சென்றேன். "உங்களுக்குப் படிக்கக் கற்றுத்தரும் இயந்திரத்தைச் செய்யுங்கள்" என்றேன். அறை முழுதும் ஒரே இரைச்சல். ஒருவன் தன் இயந்திரத்திற்கு வால் ஒட்டினான். காரணம் கேட்டேன், சொல்லவில்லை.

முதல் நாள் மற்றவரோடு சேர்ந்து தலையசைத்ததோடு சரி, அதன்பின் வாய் திறவாதிருந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, பெட்டியின் பக்கவாட்டில் சிறு கதவு ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இது எதற்கம்மா?" என்றேன்.

"நான் தப்பாகப் படித்தால், இயந்திரம் இந்தக் கதவு வழியாக என் காதில் மட்டும் சொல்லும். மணி அடித்தால் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள், தீதி" என்றாள்.

எனக்கு மறுமொழி எழவில்லை.

மணியை நீக்கக் குழுவில் சிலர் எளிதில் இசையவில்லை. இரண்டு நாள் வாதிட்டபின் நீக்கினோம். இப்போது தவறிய சொல் மட்டும் திரையில் மெல்ல நிறம் மாறும். புதிய செயலியை முதலில் அச்சிறுமியிடமே காட்டினேன். ஒரு பக்கம் முழுவதையும் உரக்கப் படித்து முடித்தவள், கருவியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"கதவு எங்கே, தீதி?"