பயர்பாக்ஸின் உள்ளறை

பயர்பாக்ஸ் உலாவியின் முகவரிப் பட்டையில் 'அபௌட்:கான்ஃபிக்' என்று தட்டச்சு செய்து, ஜாக்கிரதையாகத் தொடருமாறு அது விடுக்கும் எச்சரிக்கையைக் கடந்து உட்புகுவோர்க்கு, வழக்கமான அமைப்புகள் பக்கத்தில் காணக்கிடைக்காத எண்ணிறந்த விருப்பத்தேர்வுகள் பிரத்தியட்சமாகின்றன.

திறந்திருக்கும் பக்கங்களின் நிலவரத்தை 15 விநாடிக்கு ஒருமுறை வட்டில் எழுதிவைக்கும் பயர்பாக்ஸின் வழக்கத்தை, என் பழைய மடிக்கணினியின் சிரமம் கருதி, 'பிரவுசர்.செஷன்ஸ்டோர்.இன்டர்வல்' என்னும் வரியில் 15000 மில்லிவிநாடியை 60000 ஆக்கி, இன்று நிமிஷத்துக்கு ஒருமுறையாக மாற்றினேன்.

கணினி திடீரென அணைந்தால் கடைசி நிமிஷத்து நிலவரம் மீளாமற்போகலாம். அது எனக்குச் சம்மதமே.

வட்டுக்குக் கிடைத்த ஓய்வைக் காட்டிலும் என்னைப் பரவசப்படுத்தியது, மாற்றிய வரி தடித்த எழுத்தில் நின்றதும், ஒரே சொடுக்கில் பூர்வ ஸ்திதிக்குத் திருப்பும் பொத்தான் அதனருகே இருந்ததுமே.

உபயோகிப்பவரை நம்பி இத்தனை சுதந்திரத்தை ஒப்படைக்கும் மென்பொருள் வேறு எதையேனும் நீங்கள் கண்டதுண்டா, நண்பர்களே?