மலைப்பாதையில் மூவர்

சமதரையில் ஓடுபவனுக்குத் தூரம் ஒன்றே கணக்கு. மலையில் ஓடுபவனுக்கோ தூரத்தோடு உயரமும் கணக்காகின்றது. 1892 ஆம் ஆண்டில் நெயிஸ்மித் என்னும் ஸ்கொட்லாந்து மலையேறி வகுத்த விதியொன்று இன்றும் மலைநடையாளரிடையே வழக்கில் உள்ளது. மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேலாக, ஏறும் ஒவ்வோர் 2,000 அடிக்கும் இன்னுமொரு மணி நேரம் என்பதே அவ்விதி. அதன்படி நோக்கின், 100 மீற்றர் உயரம் ஏறுவது ஏறத்தாழ 800 மீற்றர் தூரம் நடப்பதற்குச் சமமாகும்.

பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் மூவர், தம் வாழ்வின் முதலாவது மலைப்பாதை ஓட்டப் போட்டிக்கெனப் பயிற்சியைத் தொடங்கியபோது இக்கணக்கை அறிந்திருக்கவில்லை. ஒருவன் யாழ்ப்பாணத்தான், மற்றவன் மட்டக்களப்பு வாவிக்கரையிற் பிறந்தவன், மூன்றாமவன் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து வந்தவன். போட்டியின் தூரம் 21 கிலோமீற்றர். மகாவலிக் கரையோர வீதிகளிற் பத்துக் கிலோமீற்றர் ஓடிப் பழகியிருந்த முதலிருவரும், அதன் இருமடங்கை ஓடினாற் போதும் என்றே எண்ணியிருந்தனர்.

பல்கலைக்கழக நிலப்பரப்பின் எல்லையிலே எழும் ஹந்தானை மலைத்தொடர் ஏழு சிகரங்களைக் கொண்டது. 2010 ஆம் ஆண்டிற் சூழற் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. பைன் மரத் தோப்புகளும், ஆளுயர மானாப்புல்லும், தேயிலை நிரைகளும் மாறி மாறி வரும் அதன் சரிவுகள், அவ்விருவரின் எண்ணத்தையும் முதல் நாளிலேயே தகர்த்தெறிந்தன. அவர்கள் ஓடினர், மூச்சிரைக்க நின்றனர், மீண்டும் ஓடினர். மூன்றாமவனோ கைகளை முழங்காலின்மேல் ஊன்றி, ஒரே சீராக நடந்தே ஏறினான். உச்சியை முதலில் அடைந்தவன் அவனே. செங்குத்தான ஏற்றங்களில் உலகின் தலைசிறந்த ஓட்டவீரருங்கூட நடந்தே செல்வர் என்பதும், அங்கு நடப்பது தோல்வியன்று, சிக்கனம் என்பதும் பின்னரே மற்றையோருக்குத் தெரியவந்தன.

ஏற்றம் மூச்சைச் சோதிப்பது போல இறக்கம் தொடையைச் சோதிக்கின்றது. இறங்கும்போது தொடையின் முன்தசைகள் உடலின் பாரத்தைத் தாங்கியவாறே நீள நேர்கின்றது. அதனால் தசைநார்களில் நுண்ணிய சேதங்கள் உண்டாகின்றன. வலி உடனே தோன்றுவதில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளுமே உச்சமடைகின்றது. விரிவுரை மண்டபத்தின் படிகளில் இருவரும் கைப்பிடியைப் பற்றிப் பக்கவாட்டாக இறங்கியதைக் கண்டு நகைத்தோர் பலர். ஆயினும், சில வாரங்களின் பின் அதே சரிவு அவர்களை வருத்தவில்லை. ஒருமுறை பட்ட அடியிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத் தசை கற்றுக்கொள்கின்றது என்பது உடற்றொழிலியல் கண்ட உண்மை.

நாளடைவில் மூவருக்குமிடையே எழுதப்படாத விதியொன்று உருவாயிற்று. பாதை பிரியுமிடங்களில் முன்னே செல்பவன் நின்று காத்திருத்தல் வேண்டும் என்பதே அது. பனிமூட்டம் திடீரெனக் கவியும் மலையில் அவ்விதி வெறும் மரியாதையன்று. மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், பைன் சருகுகளின்மேல் வழுக்கி யாழ்ப்பாணத்து நண்பன் கணுக்கால் சுளுக்கி விழுந்தபோது, காத்து நின்ற இருவரின் தோள்களே அவனைக் கீழே கொண்டுவந்து சேர்த்தன. அட்டைகள் ஏறிய கால்களோடு விடுதியை அடைகையில் நன்றாக இருட்டியிருந்தது.

அன்றைய இறக்கத்திலேதான் மற்றைய இருவரும் மூன்றாமவனின் கால்களைக் கூர்ந்து நோக்கினர். ஒருவனைத் தாங்கியபோதும் அவனது அடிகள் தடுமாறவில்லை. குறுகிய அடிகள், பார்வை பாதத்தில் அன்றி நாலைந்து அடி முன்னே. இதனை எங்குக் கற்றாய் என்று வினவியபோது, “நீங்க பாதைன்னு சொல்றது எங்களுக்குக் குறுக்கு. அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுத்துப் பழகினது” என்றான்.

அவன் கூறியது சிறு செய்தியன்று. ஹந்தானைக்கு அப்பால், கலஹாவையும் கடந்துள்ள லூல்கந்துரவில் 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிற் தேயிலையைப் பயிரிட்டதோடு இலங்கையின் வர்த்தகத் தேயிலைச் செய்கை தொடங்கிற்று. ஹந்தானையில் 1925 இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை இன்று தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. அதன் அருகிலிருந்து நுவரெலியா வரை, 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ‘பீக்கோ’ நடைபாதை இப்போது உல்லாசப் பயணிகளை ஈர்க்கின்றது. அப்பாதையின் பெரும்பகுதி, தோட்டங்களில் முன்பே இருந்த பழைய வழிகளே. கொழுந்துச் சுமையோடு ஏறியிறங்கியோரின் பாதங்கள் தேய்த்த வழிகளில் இன்று விளையாட்டுக்கென ஓடுகின்றோம் என்னும் உணர்வு, இருவரையும் நெடுநேரம் மௌனமாக்கிற்று.

போட்டிக்குப் பதிவு செய்யும் இறுதி நாள் நெருங்கியும் மூன்றாமவன் பணஞ் செலுத்தவில்லை. மற்றையோர் தாம் செலுத்துவதாகக் கூறியதை அவன் ஏற்கவில்லை. “அம்மாகிட்ட என்னான்னு சொல்றது? ஓடுறதுக்குக் காசு கட்டினேன்னா?” என்பதே அவனது கேள்வி. தாய் சரிவில் நின்று ஈட்டும் கூலியை, அதே போன்ற சரிவில் ஓடி மகிழ்வதற்குச் செலவிடுதல் தகுமா என்ற வினாவுக்கு இருவரிடமும் விடையில்லை. ஈற்றில், மாலை வேளைகளிற் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துப் பெற்ற பணத்தைக் கொண்டு அவனே பதிவு செய்தான். விடுமுறையில் ஊர் சென்றபோது தாயிடமும் சொன்னான். அவர் கட்டணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “ஒத்தையாவா ஓடுற?” என்று மட்டும் கேட்டாராம்.

அக்கேள்வியே மூவரிடையேயும் விவாதமாயிற்று. போட்டியிலும் பாதை பிரியுமிடங்களிற் காத்திருப்பதென அவன் உறுதியாக நின்றான். அவனது நேரங்களையெல்லாம் குறிப்பேட்டிற் பதிந்து, நெயிஸ்மித்தின் விதியோடு ஒப்பிட்டு வந்தவன் மட்டக்களப்பு நண்பன். தம் இருவரோடும் சேர்ந்து வந்தால் நண்பன் இழக்கப்போகும் நிமிடங்களை அவன் கணக்கிட்டுக் காட்டினான். “நீ போ மச்சான். நாங்கள் ஆறுதலாய் வாறம்” என்றான் யாழ்ப்பாணத்தான்.

பின்தங்கியவனுக்காகக் காத்திருப்பது நட்பின் கடமை என்பதை யாவரும் ஒப்புவர். ஆனால், காத்திருக்க வேண்டாம் என்று கூறவும் நட்பு வேண்டும். அக்கூற்றை மனத்தாங்கலின்றி ஏற்று முன்னே செல்வதற்கும் அது வேண்டும். பாதை குறிக்கப்பட்டு, உதவியாளர் நிறுத்தப்பட்டிருக்கும் போட்டியிற் காத்திருத்தலின் தேவை குறைவு. தன் குலத்தாரின் கால்கள் தலைமுறைகளாக ஈட்டிய திறமையைத் தனக்கென முழுமையாக ஒருமுறை வெளிப்படுத்தும் உரிமை அவனுக்கு உண்டு. நீண்ட தயக்கத்தின் பின் அவன் இணங்கினான். ஒரேயொரு நிபந்தனை விதித்தான்: மற்றைய இருவரும் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாது வருதல் வேண்டும், இறுதிக் கோட்டைத் தாண்டியதும் தான் திரும்பி, அவர்கள் வரும் வழியில் நடந்து வந்து எதிர்கொள்வான்.