மின்னலுக்கு கேரண்டி இல்லை

நமுனுகுல பக்கம் எந்தத் தோட்டத்துப் பெரியவங்களைக் கேட்டாலும் போனைப் பத்தி ஏறத்தாழ ஒரே கதையைத்தான் சொல்வாங்க. ஒரு காலத்துல ஒரு தோட்டத்துக்கே ரெண்டு மூணு போன்தான். ஒண்ணு ஆபிஸில, ஒண்ணு துரை பங்களாவில, இன்னொண்ணு இருந்தா ஸ்டோரில. லயத்துல யாருக்காவது நெஞ்சுவலின்னா முதல்ல ஆபிஸுக்கு ஓடணும். ஆபிஸ் பூட்டியிருந்தா சாவி வச்சிருக்கிற ஐயா வீட்டுக்கு ஓடணும். டயல் பண்ற வட்டத்துக்கே சின்னப் பூட்டு போட்ட போன்களும் உண்டு. 2000களின் நடுப்பகுதியில சிடிஎம்ஏ போன்கள் வந்த பிறகுதான் கம்பி இழுக்காமலே லயத்துக்குள்ள மணி அடிச்சது.

இப்போ எல்லார் கையிலயும் ஒரு போன் இருக்கு. அப்புறம் எதுக்கு மேசைப் போன்னு கேக்கலாம். எங்க தோட்டத்து மரண உதவிச் சங்கத்துல இதே கேள்வி வந்தப்போ ஒரு மாமா சொன்ன பதில் எங்களுக்குப் பிடிச்சது: "கைப்போன் ஆளோட போயிரும். மேசைப் போன் இடத்தோட இருக்கும்." பகல்ல கைப்போன் வச்சிருக்கிறவங்க கொழுந்து மலையில இருப்பாங்க, இல்லன்னா கொழும்புல வேலையில இருப்பாங்க. வீட்டுல இருக்கிறது வயசானவங்களும் பிள்ளைகளும்தான். அதனால கோயிலுக்குப் பக்கத்துச் சங்க அறையில சிம் போடுற மேசைப் போன் ஒண்ணு வச்சாங்க. நாற்காலி, தறப்பாள் வாடகைக்கு எடுக்கிறவங்களும் அந்த நம்பருக்குத்தான் அழைப்பாங்க. ராத்திரி 1990க்கு அம்புலன்ஸ் கேக்கிறதும் அதுலதான். வாங்கின பிறகு, "படிச்ச பிள்ளைகள் நீங்கதானே, பாத்துக்குங்க"ன்னு பொறுப்பை எங்க அஞ்சு பேர்கிட்ட குடுத்துட்டாங்க.

ஒரு சின்னப் போனைப் பாத்துக்கிறதுல என்ன இருக்குன்னுதான் தோணும். ஆனா ஒரு கடையிலயோ சங்கத்துலயோ ஆபிஸிலயோ வைக்கிற போனுக்குப் பின்னால மூணு கேள்வி இருக்கு. இதை இந்த நாட்டுல பாவிக்க அனுமதி இருக்கா? பழுதானா யார் பொறுப்பு? வேற யாரும் இதுக்குள்ள புகுந்து பாவிக்க முடியுமா? இந்த மூணையும் நாங்க ஒவ்வொண்ணாத்தான் தெரிஞ்சுக்கிட்டோம்.

முதல்ல அனுமதி. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டமும், அதுக்கு 1996ல வந்த திருத்தமும்தான் இந்த விஷயத்துக்கு அடிப்படை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இந்தச் சட்டப்படிதான் வேலை செய்யுது. தொலைத்தொடர்புச் சாதனம் விக்கிற கடைக்கு ஆணைக்குழுவோட விற்பனையாளர் அனுமதிப்பத்திரம் வேணும். சாதனத்தோட மாடலுக்கும் தனியா அங்கீகாரம் வேணும். காரணம் சும்மா இல்ல. சிம் போடுற போன்னா அது ரேடியோ அலையை அனுப்புற பொருள். தப்பான அலைவரிசையில அனுப்பினா பக்கத்துல இருக்கிறவங்க இணைப்பும் கெடும். மட்டமான சார்ஜர்னா தீயும் பிடிக்கும்.

இதைச் சரிபார்க்கிறது ஆச்சரியமா லேசு. சிம் போடுற ஒவ்வொரு போனுக்கும் ஐஎம்இஐன்னு 15 இலக்க நம்பர் ஒண்ணு இருக்கு. முதல் 8 இலக்கம் மாடலைச் சொல்லும், அடுத்த 6 அந்தத் தனிப் போனைச் சொல்லும், கடைசி ஒண்ணு மத்ததெல்லாம் சரியான்னு கணக்குப் பாக்கிற இலக்கம். கைப்போன்ல *#06# அடிச்சா வரும். மேசைப் போன்ல பெட்டியிலயோ அடிப்பக்கத்து ஸ்டிக்கர்லயோ இருக்கும். ஐஎம்இஐன்னு ஆங்கிலத்துல டைப் பண்ணி, ஒரு இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா பதில் வரும். 2025 ஜனவரி 28க்குப் பிறகு புதுசா வலையமைப்புக்கு வர்ற, ஆணைக்குழுவில பதிவில்லாத சாதனங்களுக்கு இணைப்பு கிடைக்காதுன்னு அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாலயே பாவனையில இருந்ததுக்குப் பிரச்சினை இல்ல. ஆனா இப்போ மலிவா ஒண்ணு வாங்கி, சிம் போட்டு, இணைப்பு வரலைன்னா அது வெறும் பிளாஸ்டிக் பெட்டிதான்.

கீழ் டிவிஷனுக்கும் ஒரு போன் தேடினப்போ இது எங்களுக்கு உதவிச்சு. ஒரு கடையில பாதி விலைக்கு ஒண்ணு காட்டினாங்க. பில் குடுக்க மாட்டோம்னும் சொன்னாங்க. கடைக்குள்ள நின்னுக்கிட்டே 1909க்கு அனுப்பினோம். பதிவில இல்லைன்னு பதில். "அதெல்லாம் வேலை செய்யும் தம்பி, நான் சொல்றேன்ல"ன்னு கடைக்காரர் சிரிச்சார். நாங்களும் சிரிச்சுட்டு வந்துட்டோம்.

ரெண்டாவது கேரண்டி. அட்டையில வாரண்டின்னு போட்டிருந்தாலும் எங்க பக்கம் எல்லாருக்கும் அது கேரண்டிதான். சங்கத்துப் போன் வாங்கின அஞ்சாவது மாசம், ஒக்டோபர்ல, இடிமழை பெஞ்ச ஒரு ராத்திரிக்கு அடுத்த நாள் செத்துப்போச்சு. பில்லையும் அட்டையையும் எடுத்துக்கிட்டு பஸ் ஏறி டவுனுக்குப் போனோம். கடையில பெட்டியைக்கூடத் திறக்கல. "நமுனுகுலயா? இடி விழுந்திருக்கும். மின்னலுக்கு கேரண்டி இல்ல"ன்னுட்டாங்க.

சொன்னது பொய் இல்ல. அட்டையோட பின்பக்கம் பொடி எழுத்துல மின்னல், தண்ணி, மின்சார ஏற்ற இறக்கம் மூணும் விலக்குன்னு போட்டிருந்தது. பொதுவா எல்லாக் கம்பனி அட்டையிலயும் இது இருக்கும். எங்க மலையில ஒரு போனைக் கொல்லக்கூடியதும் இந்த மூணுதான். நமுனுகுல மலை 2036 மீட்டர். மார்ச் ஏப்ரல்லயும், ஒக்டோபர் நவம்பர்லயும் ரெண்டு பருவமழைக்கும் இடைப்பட்ட காலத்துல பின்னேரமானா இடிதான். எங்களுக்கு நடக்கக்கூடியது எல்லாத்தையும் விலக்கிட்டு, நடக்காததுக்கு கேரண்டி தர்ற அட்டை அது.

ஆனா அட்டையை முழுசா வாசிச்சா இன்னொரு வரி இருந்தது. போனுக்கு ஒரு வருஷம், பெட்டரிக்கு ஆறு மாசம்னு தனித்தனியா. எங்களோட ஒரு அக்கா அங்கேயே கேட்டா: "அண்ணே, சார்ஜரைக் குத்திப் பாருங்களேன்." குத்தினாங்க. வெளிச்சம் வந்தது. சார்ஜரைக் கழட்டினா அணைஞ்சது. மின்னல் அடிச்சிருந்தா முதல்ல போறது சார்ஜர்தான். அது நல்லாத்தான் இருந்தது. பெட்டரி மூடியைத் திறந்தா உள்ள ஊதிப்போய் இருந்தது. அஞ்சு மாசந்தானே ஆச்சு, பெட்டரிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. ஒரு மணி நேரம் பேசின பிறகு புதுப் பெட்டரி குடுத்தாங்க. சத்தம் போட்டதால கிடைச்சது இல்ல, பில் இருந்ததால கிடைச்சது.

கடைக்காரர் மறுத்தே இருந்தா என்ன செய்யலாம்னு திரும்பி வந்து தேடினோம். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கு. அந்தப் பொருளையே வியாபாரமா விக்கிற ஒருத்தர்கிட்ட வாங்கினா, அது விக்கத் தகுந்த தரத்துல இருக்கணும்னு எழுதாமலே ஒரு நிபந்தனை உண்டு. தேயிலைத் தோட்டங்கள் வெள்ளைக்காரன் கையில இருந்த காலத்துச் சட்டம், இன்னைக்குப் போனுக்கும் பொருந்துது. அதுக்கு மேல 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால வந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கு, அழைக்க 1977. முறைப்பாட்டை எழுத்துல, வாங்கி மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும்னு அந்தச் சட்டம் சொல்லுது. அதனால புதுசா வாங்கினதை "அடுத்த மாசம் பாக்கலாம்"னு வைக்காம முதல் வாரத்துலயே எல்லாத்தையும் அழுத்திப் பாக்கிறது நல்லது.

ஒரு மனக்குறையையும் சொல்லணும். அந்த அட்டை ஆங்கிலத்துல மட்டும்தான் இருந்தது. 1987ல 13ஆம் திருத்தத்தோட தமிழும் இந்த நாட்டோட அரச கரும மொழி. சட்டம் அரச காரியாலயத்துக்குத்தான், கடைக்கு இல்லைன்னு வாதாடலாம். ஆனா மலையில உழைச்ச காசுல சங்கம் வாங்கின பொருளுக்கு யார் பொறுப்புங்கிறதை, காசு போட்டவங்க வாசிக்க முடியலைன்னா அது யாருக்கான அட்டை? இன்னொண்ணு, அட்டையில முகவரின்னு ஒரு கோடு. எங்கள்ல பலருக்குச் சொந்த முகவரி கிடையாது. தோட்டத்துப் பேரைப் போட்டாக் கடிதம் ஆபிஸுக்குத்தான் வரும். அங்கயிருந்து எப்போ லயத்துக்கு வரும்னு நமக்கே தெரியும்.

மூணாவது பாதுகாப்பு. ஒரு மேசைப் போனை யார் திருடப்போறாங்கன்னு நினைப்போம். திருடுறவங்க போனைத் தூக்கிட்டுப் போறதில்ல, பில்லைத்தான் ஏத்துறாங்க. பெரிய ஆபிஸ்ல பல கிளைப் போன்களைச் சேர்க்கிற பிஏபிஎக்ஸ் பெட்டி இருக்கும். கம்பனி போட்ட 0000, 1234 மாதிரியான கடவுச்சொல்லை மாத்தாம விட்டா, வெளியில இருந்து ஒருத்தன் அதுக்குள்ள புகுந்து, ராத்திரி முழுக்க வெளிநாட்டுக் கட்டண நம்பர்களுக்கு அழைக்கலாம். பில் வர்றது உங்களுக்கு, பங்கு போறது அவனுக்கு. 2011 நவம்பர்ல பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில நாலு பேரைப் பிடிச்சாங்க. அமெரிக்காவோட ஏடி அன்ட் டி கம்பனி வாடிக்கையாளர்களோட போன் அமைப்புகள்ல இப்படிப் புகுந்தாங்கன்னு வழக்கு. நட்டம் ஏறத்தாழ 20 லட்சம் டொலர்.

எங்க போன் அவ்வளவு பெரிசு இல்ல. ஆனாலும் சிம்முக்குப் பின் நம்பர் போட்டோம். வெளிநாட்டு அழைப்பை மூடச்சொல்லி எழுதிக் குடுத்தோம். சிம் தலைவரோட தனிப்பட்ட பேர்ல இல்லாம சங்கத்துப் பேர்ல இருக்கான்னு பாத்தோம். தனி ஆள் பேர்ல இருந்தா, அவர் தோட்டத்தை விட்டுப் போனா நம்பரும் அவரோட போயிரும். 1990, 119 மாதிரி அவசர நம்பரை மட்டும் யார் வேணும்னாலும் எடுத்து அடிக்கிற மாதிரி விட்டோம். இந்தக் கடைசி விஷயம்தான் எல்லாத்தையும் விட முக்கியம்.

2013 டிசம்பர்ல அமெரிக்காவோட டெக்சஸ் மாநிலத்துல, மார்ஷல்ங்கிற ஊர்ல, ஒரு விடுதி அறைக்குள்ள காரி ஹன்ட்ங்கிற பொண்ணைக் குத்திக் கொன்னாங்க. கூட இருந்த 9 வயசு மகள் அறைப் போனை எடுத்து 911 அடிச்சா. நாலு தடவை அடிச்சா. போகவே இல்ல. அந்த விடுதிப் போன்ல வெளி அழைப்புக்கு முதல்ல 9 அடிக்கணும். பிள்ளைக்குத் தெரியாது. போன் பழுதில்ல, லைன் பழுதில்ல, பிள்ளையும் சரியாத்தான் செஞ்சா. பெட்டியை அப்படி அமைச்சிருந்தாங்க, அவ்வளவுதான். காரியோட அப்பா விடாம அலைஞ்சதால 2018ல அங்க காரி சட்டம் வந்தது. 2020 பெப்ரவரி 16க்குப் பிறகு விக்கிற, பொருத்துற எந்த ஆபிஸ் போன் அமைப்புலயும் முன்னால எதுவும் அடிக்காம நேரா 911 போகணும்.

இதை வாசிச்ச அன்னைக்கே, பிஏபிஎக்ஸ் இருக்கிற ஒரு காரியாலயத்துல வேலை செய்ற எங்க தோட்டத்து அண்ணன்கிட்ட கேட்டோம்: "உங்க மேசையில இருந்து நேரா 1990 போகுமா?" அவருக்குத் தெரியல. இங்க சிக்கல் இன்னும் கூட. பல இடங்கள்ல உள் நம்பர்கள் 101, 102னு ஒண்ணுலதான் ஆரம்பிக்கும். நம்ம அவசர நம்பர்கள் 1990, 119, 117 எல்லாமும் ஒண்ணுல ஆரம்பிக்குது. சரியா அமைக்கலைன்னா பெட்டி அதை உள் நம்பர்னு நினைச்சுத் தேடிட்டுச் சும்மா நிக்கும். பொருத்தினவர் வந்து ரெண்டு வரி மாத்தினாப் போதும். சட்டம் கேக்குதோ இல்லையோ, நாம கேக்கலாம்.

ஊவாவில இருக்கிறவங்களுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்னு விளக்கத் தேவையில்ல. 2014 ஒக்டோபர் 29 காலையில கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தயில மலை சரிஞ்சு லயங்களை மூடிச்சு. 2005லயும் 2011லயும் அந்த இடம் ஆபத்துன்னு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிச்சிருந்தது. அந்த நிறுவனத்தோட கணக்குப்படி 24 மணி நேரத்துல 75 மில்லிமீட்டர் மழை பெஞ்சாக் கவனமா இருக்கணும், 100 ஆனா எச்சரிக்கை, 150 ஆனா வெளியேறணும். இந்த நம்பர் யாருக்கோ தெரிஞ்சிருந்தாப் போதாது. ராத்திரி ரெண்டு மணிக்கு, கரண்ட் இல்லாத நேரம், லயத்துக்கு வந்து சேரணும்.

பழைய கம்பிப் போனுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. எக்ஸ்சேஞ்சுல இருக்கிற 48 வோல்ட் பெட்டரியே கம்பி வழியா அதை ஓட்டும். வீட்டுல கரண்ட் போனாலும் பேசும். இப்போ இருக்கிற சிம் போன் அதோட சொந்தப் பெட்டரியையும், மலை மேல இருக்கிற டவரோட பெட்டரியையும் நம்பித்தான் நிக்குது. டவர் நம்ம கையில இல்ல, பெட்டரி நம்ம கையில இருக்கு. அதனாலதான் ஒரு மணி நேரம் அந்தக் கடையில நின்னோம்.

இப்போ சங்க அறைச் சுவத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கோம். மேல 1990, 119, 117. கீழ இந்த இடம் எதுன்னு அம்புலன்ஸுக்குச் சொல்ற வழி, தமிழ்லயும் சிங்களத்துலயும்: தோட்டம், டிவிஷன், எந்தச் சந்தியில திரும்பணும், கோயிலுக்கு எந்தப் பக்கம். முகவரி இல்லாத ஊருக்கு இதுதான் முகவரி. இடி முழங்கினா சார்ஜரைக் கழட்டுங்கன்னும் எழுதியிருக்கோம். மாசத்துக்கு ஒருநாள் சார்ஜர் இல்லாம எத்தனை மணி நேரம் போன் நிக்குதுன்னு பாத்துக் குறிக்கிறோம்.

வர்ற பொதுக்கூட்டத்துல வரவுசெலவுல புதுசா ஒரு வரி கேக்கப்போறோம்: வருஷத்துக்கு ஒரு பெட்டரி. நாற்காலி வாங்குற காசுல கொஞ்சம் குறையும்னு சிலர் முணுமுணுப்பாங்க. மரண உதவிச் சங்கம்தானே, ஒரு மரணத்தைத் தள்ளிப்போட உதவினாலும் அது சங்கத்து வேலைதான்னு சொல்லலாம்னு இருக்கோம்.