ரொட்டிக்கு மயங்கிய கெண்டை

கெண்டை பிடிக்க ரகசிய மாவு, விலையுயர்ந்த வாசனை என்று தேடி அலைபவர்கள் உண்டு. இங்கிலாந்தின் ரெட்மயர் குளத்தில் ஜெயித்ததோ வீட்டு ரொட்டிதான்!

அந்தக் குளத்தின் அடியில் பாசியும் கொடியும் மண்டிக் கிடந்தன. கனமான மாவு உருண்டையைப் போட்டால் அதற்குள் புதைந்துவிடும், மீனுக்குத் தெரியாது. வெறும் ரொட்டித் துண்டு என்றால் மிதக்கும். ரிச்சர்ட் வாக்கர் இரண்டையும் சேர்த்தார். தூண்டில் முள்ளில் ரொட்டியின் மேல்தோலைக் கோர்த்து, ரொட்டியை ஈரமாக்கிப் பிசைந்த மாவை அதோடு ஒட்டினார். தோல் மேலே தூக்கும், மாவு கீழே இழுக்கும். மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக் குறைத்தால், இரை மெதுவாக இறங்கிப் பாசியின் மேலேயே லேசாக உட்கார்ந்துவிடும். அளவு சரியா என்று கரையோரத் தண்ணீரிலேயே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கெண்டை கடித்துத் தின்னாது, உறிஞ்சித்தான் தின்னும். சந்தேகம் வந்தால் உடனே துப்பிவிடும். அதனால் வாசனையைவிட இந்த எடைக் கணக்குதான் முக்கியம்.

1952 செப்டம்பர் 13 அதிகாலையில் வாக்கருக்குக் கிடைத்த மீன் 44 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ! அதை லண்டன் மிருகக்காட்சிசாலைக்குக் கொடுத்தார். 'கிளாரிசா' என்ற பெயரோடு 1971 வரை அங்கே வாழ்ந்தது.

1980 ஜூன் மாதம் அதே குளத்தில் கிறிஸ் யேட்ஸ் இன்னும் பெரிய கெண்டையைப் பிடித்தார். 51 பவுண்டு 8 அவுன்ஸ். இந்த முறை முள்ளில் இருந்தது சோள மணிகள். எடை பார்த்துவிட்டு மீனைக் குளத்திலேயே விட்டுவிட்டார்.