அத்தையின் தூக்கமும் ஒரு கம்ப்யூட்டரும்

"ராத்திரி நல்லாத் தூங்குறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். என் மாமியார் ஒரு தரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏதோ தூங்குறேன்" என்றார். அந்த 'ஏதோ' வீடு வந்து சேரும்வரை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

எங்களுடையது திருவான்மியூரில் இரண்டே அறைகள் கொண்ட வாடகை வீடு. ஒன்றில் நானும் இவரும் சின்னவனும். மற்றதில் அத்தையும் என் பெரிய பெண்ணும். பெரியவள் டிப்ளமோ முடித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே ஓர் அமெரிக்கக் கம்பெனிக்குக் கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கிறாள். அவர்களுக்குப் பகல் என்றால் நமக்கு ராத்திரி. சாயங்காலம் ஆறரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ராத்திரி மூன்று மணி ஆகிவிடும். இவருக்கு வேலை போனதிலிருந்து அவள் சம்பளத்தில்தான் வாடகை.

அவளிடம் இருந்தது உறவுக்காரர் ஒருவர் கொடுத்த பழைய கம்ப்யூட்டர். அதைப் போட்டால் பக்கத்து வீட்டில் யாரோ ஓயாமல் மிக்ஸி ஓட்டுவதுபோல் இரைச்சல். பகல் சந்தடியில் அது எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அத்தையின் கட்டில் அதற்கு நான்கடி தூரத்தில்.

"எத்தனை நாளா அத்தை தூக்கமில்லாம இருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அது கெடக்கு, ஒரு எட்டு மாசமா. அந்தப் புள்ள உசிரக் குடுத்துச் சம்பாதிக்குது. சத்தமா இருக்குன்னு நான் எந்த வாயால சொல்றது?"

எட்டு மாதம்! அவர் பகலில் எரிந்து விழுந்தபோதும், மத்தியானம் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்தபோதும், வயசாகிவிட்டதென்று நான் முணுமுணுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அன்றிரவே என் புத்திக்கு எட்டிய வைத்தியத்தைச் செய்தேன். பெட்டியின்மேல் கனமான ஜமுக்காளத்தைப் போர்த்தினேன். அரை மணியில் இரைச்சல் இன்னும் கூடியது. பிறகு கம்ப்யூட்டர் தானாகவே நின்றுவிட்டது. பெரியவளின் இரண்டு மணி நேர வேலை போயிற்று. "அம்மா, சூடு வெளியே போகத்தானே விசிறி சுத்துது? நீ வழியை அடைச்சா அது பேய்மாதிரி சுத்தாதா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நான் பிளஸ் டூவோடு நின்றவள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சூடு குறைந்தால் விசிறி மெதுவாகச் சுற்றும். விசிறி மெதுவாகச் சுற்றினால் சத்தம் குறையும். நாம் தேட வேண்டியது சூடு குறைந்த பாகங்களை.

2023 தை மாதம் எனக்கு 30,000 ரூபாய் சீட்டுப் பணம் வந்தது. வாஷிங் மெஷினுக்கென்று வைத்திருந்தேன். "இன்னும் ஒரு வருஷம் கையால துவைச்சா ஒண்ணும் ஆயிடாது" என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

"லேப்டாப் வாங்கிடலாமே?" என்றார் இவர். அதிலும் விசிறி உண்டு, சின்னது. வேலை கூடினால் கீச்சென்று கத்தும் என்றாள் பெரியவள். தவிர, அவளுக்கு இரண்டு பெரிய திரைகள் வேண்டும். அவை ஏற்கெனவே இருந்தன. பெட்டியை மட்டும் பாகம் பாகமாக வாங்கிச் சேர்ப்பதென்று முடிவாயிற்று.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று பார்த்தோம். பழைய பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, செய்தித்தாளைக் குழல்போல் சுருட்டி, பாகங்களைத் தொடாமல் ஒரு முனையைக் கிட்டே காட்டி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டோம். நான்கு இடங்கள் தேறின. படங்களுக்கான தனிக் கார்டின் குட்டி விசிறி. மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். விசிறி, பிராசஸர் விசிறி, கர்கர் என்று சுழலும் ஹார்டு டிஸ்க். பெரிய சத்தத்தை விட்டுவிட்டுச் சின்னதைக் குறைப்பதில் பயனில்லை என்பதும் அப்போது தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தோம். முதல் கடையில் பையன் கண்ணாடி முகப்பும் கலர் விளக்குமாக ஒரு கேபினட்டைக் காட்டினான். "மூணு ஃபேன் ஃப்ரீ அக்கா!" முன்பக்கம் கண்ணாடியால் அடைத்திருந்தால் காற்று எப்படி உள்ளே போகும்? அதோடு, அந்த இலவச விசிறிகளுக்கு வேகத்தைக் குறைக்கும் வசதி கிடையாது, எப்போதும் முழு வேகம்தான் என்று பெரியவள் காதில் சொன்னாள். வேண்டாமென்று வந்துவிட்டோம்.

வாங்கியது இதுதான். ரைசன் 5 5600ஜி பிராசஸர் 12,000 ரூபாய். படம் காட்டும் பகுதி அதற்குள்ளேயே இருப்பதால் தனிக் கார்டு தேவையில்லை. அதிகம் கத்திய விசிறி அதோடு ஒழிந்தது. அதன் மேலே பொருத்தும் விசிறியும் டப்பாவிலேயே வந்துவிடும். மதர்போர்டு 5,400. 16 ஜி.பி. ராம் 3,500. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 2,900. இதில் சுழல்வதற்கு ஒன்றுமே இல்லாததால் சத்தமும் இல்லை. '80 பிளஸ்' முத்திரையுள்ள எஸ்.எம்.பி.எஸ். 2,800. இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைப் பாகங்களுக்குக் கொடுத்து, சூடாக வீணாக்குவதைக் குறைப்பதற்குத்தான் அந்த முத்திரை. முன்பக்கம் சல்லடை வைத்த சாதாரண கேபினட் 2,500. வேகத்தை மாற்றக்கூடிய, நான்கு முள் இணைப்புள்ள 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று 700.

பெரிய விசிறி எதற்கு என்கிறீர்களா? நம் வீட்டுச் சீலிங் ஃபேனையும் டேபிள் ஃபேனையும் நினைத்துப் பாருங்கள். அகன்ற இறக்கை மெதுவாகச் சுற்றினாலே வேண்டிய காற்று நகர்ந்துவிடும். சின்னது அதே வேலைக்கு வேகமாகச் சுற்றியாக வேண்டும்.

மொத்தம் 29,800. விலை அடிக்கடி மாறுகிற சாமான்கள் இவை. நீங்கள் வாங்கும்போது இரண்டு மூன்று கடை விசாரியுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பாய் விரித்துப் பெரியவள் பூட்டினாள். நான் திருகாணி எடுத்துக் கொடுத்தேன். பிறகு மதர்போர்டின் அமைப்புக்குள் போய், 65 வாட் பிராசஸரை 45 வாட்டில் ஓடும்படி வைத்தாள். வரைபட வேலைக்கு அதுவே போதுமாம். சூடு ஏறினால் மட்டுமே வேகம் ஏறும்படி விசிறிகளையும் அமைத்தாள்.

பழைய பெட்டி இரும்பு மேஜைமேல் இருந்து மேஜையையே மேளமாக்கியிருந்தது. புதியதை மேஜையடியில் ஒரு மணைமேல், பழைய யோகா விரிப்பின் துண்டைப் போட்டு வைத்தோம். பின்பக்கம் சுவரில் இடிக்காமல் ஒரு சாண் இடம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறியை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுவது என் வேலை. தூசி படிந்தால் சூடு, சூடானால் சத்தம். ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மூடியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

அன்று திங்கட்கிழமை இரவு. பெரியவள் வழக்கம்போல் ஆறரைக்கு உட்கார்ந்தாள். ஒன்பது மணிக்கு அத்தை படுத்தார். பத்து நிமிஷம் கழித்துத் தலையைத் தூக்கி, "ஏன் கண்ணு, இன்னிக்கு உனக்கு லீவா?" என்று கேட்டார்.

"இல்ல பாட்டி, வேலைதான் பாக்குறேன்."

அத்தை சற்று நேரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது எட்டிப் பார்த்தேன். அறையில் கேட்ட ஒரே சத்தம் அத்தையின் குறட்டைதான். பெரியவள் என்னைப் பார்த்து, "இதுக்கு என்னம்மா வைத்தியம்?" என்று சைகையால் கேட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

உங்கள் வீட்டிலும் பெரியவர் யாராவது "ஏதோ தூங்குறேன்" என்று சொன்னால், இன்னொரு தரம் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். நான் கேட்க எட்டு மாதமாயிற்று.