ஒரு சீட்டிச் சட்டைக்கான துணி

நெதர்லாந்தின் வடக்கே ஃப்ரீஸ்லாந்து என்றொரு கடலோரப் பகுதி. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே வசதி படைத்த பெண்கள் நம் சோழமண்டலக் கரையில் வரைந்து சாயமேற்றிய பருத்தித் துணியில் சட்டை தைத்து அணிந்தார்கள். நம் பாட்டிமார் சீட்டி என்று சொன்ன துணிக்கு மூத்த துணி அது. வெள்ளைத் தரையில் சிவப்பும் நீலமும் ஊதாவுமாகப் பூங்கொடி படர்ந்திருக்கும். லேவார்டன் நகரத்து ஃப்ரீஸ் அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட உடைகள் இன்றும் இருக்கின்றன. அன்றைய சட்டைகள் பலவற்றில் சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டுப் போட்டுக் கைப்பகுதியை முடித்திருப்பார்கள். ஒரு விரற்கடைத் துணியைக்கூட வீணாக்க மனம் வரவில்லை என்பது தையலிலேயே தெரியும்.

அப்படி ஒரு சட்டையை அன்றைய முறையில் மீண்டும் உருவாக்கும் முயற்சியில் இருக்கிறேன். மேடைக்கும் கண்காட்சிக்கும் பழைய உடை தைப்பவர்களுக்கு வெட்டு ஒரு சிக்கலே இல்லை. எஞ்சியிருக்கும் உடைகளை அளந்து வரைந்த படங்கள் நூல்களில் உண்டு. தையல் இயந்திரம் வந்தது 19-ஆம் நூற்றாண்டில்தான் என்பதால் எல்லாம் கைத்தையல். லினன் நூலும் லைனிங் துணியும் தேடினால் கிடைக்கும். மேல்துணிதான் கிடைக்காது. பழைய வடிவத்தைக் கணினி வழியே அச்சடித்த நகல்கள் கடைகளில் இருக்கின்றன. அவற்றில் எல்லாப் பூவும் ஒரே பூ. கை எங்கே அழுத்தியது, எங்கே தளர்ந்தது என்று காட்டும் கோடு அவற்றில் இல்லை.

இந்தத் துணிமேல் ஐரோப்பாவுக்கு இருந்த மோகத்தைச் சட்டங்கள் சொல்கின்றன. உள்ளூர் நெசவைக் காக்கப் பிரான்ஸ் 1686-இல் தடை போட்டது. அது 1759 வரை நீடித்தது. லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் 1719-இல் தெருவில் போன பெண்களின் சீட்டி உடைகளைக் கிழித்தெறிந்தார்கள். 1721-இல் அதை உடுத்துவதையே தடுக்கும் சட்டம் இங்கிலாந்தில் வந்தது, 1774-இல்தான் விலக்கினார்கள். டச்சுக்காரர்கள் தடை போடவில்லை. அவர்கள் பெட்டிகளில் இத்தனை சட்டைகள் தங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

செய்முறைக்கு நான் நம்பியது புதுச்சேரியோடு தொடர்புடைய இரண்டு ஆவணங்களை. போலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 1734 வாக்கில் ஓவியர் ஒருவரின் வேலையைக் கூட இருந்து கவனித்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குறிப்போடு பாரிசுக்கு அனுப்பினார். அந்தத் துண்டுகள் அங்கே இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கேர்து என்ற இயேசு சபைத் துறவி, தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற துணி ஓவியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை 1742-இல் நீண்ட கடிதமாக எழுதினார். ஐரோப்பியப் பட்டறைகள் நம் சாயத்தைக் கற்றுக்கொள்ள இத்தகைய குறிப்புகள் உதவின. போலியூ யாரென்று தெரியும், கேர்து யாரென்று தெரியும். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஓவியர்கள் யாரென்று தெரியவில்லை.

பொருள் சேர்க்கக் கிளம்பியபோது எனக்கு வியப்பாக இருந்தது, பட்டியலில் பாதி நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைத்ததுதான். கடுக்காய், படிகாரம், மஞ்சிட்டி எல்லாம் அங்கே உண்டு. அவுரி திண்டிவனம் பக்கம் இன்றும் பயிராகிறது. பருத்திதான் அலைய வைத்தது. அன்றைய துணி கையால் நூற்ற நாட்டுப் பருத்தி. மில்லில் மெருகேற்றிய துணியில் சாயம் ஒரே சீராக ஏறி, தட்டையாகத் தெரியும். கரிசல் மண்ணில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தியைக் கையால் மெல்லிதாக நூற்பவர்கள் இன்று அரிது. ஆந்திரத்தின் வடகோடியில் உள்ள பொந்தூரில் பெண்கள் இன்னும் பஞ்சை ஒருவகை மீனின் தாடை எலும்பால் சீவிச் சுத்தம் செய்து, நூறாம் நம்பர் அளவுக்கு மெல்லிய நூல் நூற்கிறார்கள். எனக்கு வேண்டிய கதர் அங்கிருந்து வந்தது.

அந்தத் துணியோடு ஸ்ரீகாளஹஸ்திக்குப் போனேன். கலம் என்ற பேனாவால் துணியில் வரையும் கலம்காரி அங்கே 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏறக்குறைய நின்றுபோய், கமலாதேவி சட்டோபாத்யாய போன்றவர்களின் முயற்சியால் 1950-களில் பயிற்சி மையம் தொடங்கிய பிறகு மறுபடி தழைத்தது. தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் இதே மரபின் கிளை உண்டு. அங்குள்ள ஓவியர்கள் வரைவது கோயில் தொம்பை, குடை, விதானம். கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் அதற்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உடைத் துணிக்கு வேண்டிய அளவு வேலையாட்கள் ஸ்ரீகாளஹஸ்தியில் இருந்ததால் அந்த ஊரைத் தேர்ந்தேன்.

எல்லையோர ஊர் என்பதால் தெலுங்கும் தமிழும் கலந்தே பேசுகிறார்கள். பட்டறைப் பெரியவரிடம் அருங்காட்சியகச் சட்டையின் பெரிய படத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“கோடு போட்டது ஒரு கை, உள்ளே நிரப்பினது வேற கைம்மா. கோடு போட்டவருக்கு அவசரமே இல்லை. நிரப்பினவங்களுக்கு வேலை நெறைய.”

“எப்படி ஐயா சொல்றீங்க?”

“இதழ் முனையில பாருங்க. கோடு நிக்குற எடத்துல வண்ணம் நிக்கலை.”

அன்றைய பட்டறைகளில் வேலை பல கைகளில் பிரிந்திருந்ததைப் பழைய குறிப்புகளும் சொல்கின்றன. அதை இவர் படத்திலேயே படித்துவிட்டார்.

கஞ்சி போக அலசிய துணியைக் கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப் பாலில் முக்கிப் பிழிந்து காயவைப்பது முதல் வேலை. பாலின் கொழுப்பு இழையில் ஏறினால்தான் பேனாவின் ஈரம் பரவாது. “பால் ஏறலைன்னா கோடு ஓடிப்போயிடும்” என்றார் அதைச் செய்த அக்கா. கடுக்காய்த் துவர்ப்புக்கு இன்னொரு வேலை. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்த கரைசலைக் கசிமி என்கிறார்கள். பானையில் அது வெளிறித்தான் இருக்கிறது. மூங்கில் குச்சியில் கம்பளி சுற்றிய கலத்தில் தொட்டுத் துணியில் இழுத்ததும், துவர்ப்போடு சேர்ந்து கண்ணெதிரே கறுக்கிறது. இரும்பு நாளடைவில் பருத்தியை அரிக்கும். பழைய சட்டைகள் சிலவற்றில் கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் இற்றுப்போயிருப்பது அதனால்தான்.

சிவப்பு வேண்டிய இடத்தில் பூசுவது சிவப்பு அல்ல, படிகாரக் கரைசல். துணியை வேர்ச்சாயத்தில் கொதிக்கவைக்கும்போது படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் நிறம் பிடித்து நிற்கும். மற்ற இடத்தில் படிந்த கறையைச் சாணமும் வெயிலும் தண்ணீரும் சேர்ந்து வெளுக்க வேண்டும். படிகாரத்தின் அடர்த்தியை மாற்றினால் ஒரே பானையிலிருந்து இளஞ்சிவப்பும் அடர்சிவப்பும் வரும். இரும்பும் படிகாரமும் கலந்தால் ஊதா வரும். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். நான் போனபோது சொர்ணமுகி ஆற்றில் மணல்தான் இருந்தது. துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வயல் கிணற்றுக்குப் போனார்கள். தேங்கிய தண்ணீரில் அலசினால், கரைந்து வந்த படிகாரம் வேண்டாத இடத்தில் ஒட்டிச் சிவப்பு கசியும். நல்ல தண்ணீரும் இந்த உடைக்கு ஒரு மூலப்பொருள்.

இதுவரைக்கும் 18-ஆம் நூற்றாண்டும் இன்றைய பட்டறையும் ஏறக்குறைய ஒன்றுதான். விலகுவது நீலத்திலும் வேரிலும்.

இன்று நீலத்தைக் கலத்தால் தொட்டுப் பூசிவிடுகிறார்கள். அன்று அப்படியில்லை. நீலம் வேண்டாத இடம் முழுவதையும் உருக்கிய மெழுகால் மூடி, துணியை அவுரித் தொட்டியில் முக்கினார்கள். சுண்ணாம்பும் தகரை விதையும் இட்டுப் புளிக்கவைத்த தொட்டி அது. அதற்கென்றே தனிச் சாயக்காரர்கள் இருந்தார்கள். பிறகு வெந்நீரில் மெழுகை உருக்கி எடுத்து, திரும்பவும் பால் கொடுத்துச் சிவப்பைத் தொடங்குவார்கள். சிவப்புப் பூவுக்குள் தெரியும் மயிரிழை வெள்ளைக் கோடுகளும் மெழுகால் காத்தவை. கடைசியில் நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டினால் பச்சை. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நிற்காது என்பதால்தான் பழைய சட்டைகளில் இலைகள் நீலமாக இருக்கின்றன.

சிவப்புக்குரிய வேர் சாயவேர், இம்பூறல் என்று சித்த மருத்துவம் சொல்லும் சின்னஞ்சிறு செடியின் வேர். கடலோர மணலில் ஊசி போல ஆழமாக இறங்கும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டிய வேரை டச்சுக் கம்பெனி தன் பிடியில் வைத்து வருமானம் பார்த்தது. 1868-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மானும் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினார்கள். சாயவேரின் சிவப்புக்குக் காரணமான பொருளும் அதுவே என்பதால் வேர் தோண்டும் தொழில் படுத்துவிட்டது. “வேர் கொண்டாங்க, செய்றோம். அலிசரின் பொடியில செஞ்சா புடவைக்குப் போதும், யாரும் கேக்குறதில்லை” என்றார் பெரியவர்.

அவர் சொன்னதில் குறை காண ஒன்றுமில்லை. புடவை வாங்குபவருக்கு மெழுகு நீலமும் வேர்ச் சிவப்பும் தேவையில்லை. சுவரில் தொங்கும் ராமாயணப் படத்துக்கும் தேவையில்லை. அந்த இரண்டு படிகளும் இல்லாமல் முடியவே முடியாத வேலை ஒன்று உண்டென்றால் அது எங்களைப் போன்றவர்களுடைய வேலைதான். பழைய உடையை மீண்டும் செய்ய விரும்புகிறவர் அந்தப் படிகளுக்கு அரிதான வாடிக்கையாளர். அவரும் அச்சு நகலோடு திருப்தியடைந்தால், கேட்க ஆளில்லாமல் அந்தக் கைப்பழக்கம் போய்விடும். பிறகு எத்தனை ஆவணம் இருந்தாலும், சூடான மெழுகை எந்தப் பதத்தில் எடுப்பது என்று சொல்லித்தர ஒருவர் இருக்கமாட்டார்.

ஆகவே என் சட்டையின் கணக்கை மாற்றி எழுதினேன். தையலுக்கு ஒதுக்கியதைக் குறைத்துத் துணிக்குக் கூட்டினேன். முடிந்த துணிக்கு விலை பேசவில்லை. மெழுகு பழக ஆகும் நாட்களுக்கும், கெட்டுப்போகும் துணிகளுக்கும் சேர்த்துக் கூலி என்று ஒப்புக்கொண்டோம். சாயவேரை மணற்பாத்தியில் வளர்த்துத் தர ஒரு விவசாயியிடம் பேசியிருக்கிறேன். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வெட்டி எடுக்கிறோம், ஆனால் அந்தத் துண்டுகள் பட்டறையிலேயே இருக்கும், அடுத்து வேலை பழக வருகிறவருக்காக. சட்டையின் லைனிங்கில் கோடு போட்டவர், மெழுகு வைத்தவர், நிரப்பியவர், அலசியவர் பெயர்களைத் தைக்கப்போகிறேன். யார் பெயர் எந்த வரிசையில் வரவேண்டும் என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அலசுகிறவர் பெயரைப் பெரியவர் முதலில் போடச் சொன்னார்.